சபைக்கூச்சம்: கோளாறு நெஞ்சிலயா, நினைப்புலயா?

தறிமேடை:
எங்க ஆபீஸ்ல வாராவாரம் மீட்டிங். எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் பேசணும்ங்கும்போதே வாட்ச் இதயத் துடிப்பு 128னு காட்டுது, உட்கார்ந்த இடத்துலயே. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுதுன்னு சொல்ற எச்ஆர்வி எண்ணும் எப்பவும் கம்மி. இதயத்தை அதன் போக்குல விட்டா நிமிஷத்துக்கு 100 கிட்ட அடிக்கும். மூளையிலேர்ந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்புதான் பிரேக் பிடிச்சு 70க்குக் கொண்டு வருது. அந்த நரம்பு ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் வேகத்தைக் குறைக்குதுன்னு 1921லயே ஓட்டோ லோவிங்கற விஞ்ஞானி தவளை இதயத்தை வெச்சுக் காட்டிட்டார். எங்களை மாதிரி சபைக்கூச்சக்காரங்களுக்கு அந்த பிரேக் தளர்ந்திருக்கு, அதான் எச்ஆர்வியும் கம்மி. இது உடம்புப் பிரச்சினை. "தைரியமாப் பேசுப்பா"ன்னு சொல்றதை நிறுத்துங்க.

மல்லி டீச்சர்:
தம்பி, பிரேக் வரைக்கும் ஒத்துக்கறேன். அதுக்கு மேல நீங்க தாவுறீங்க. பதற்றக் கோளாறு இருக்கறவங்களுக்கு எச்ஆர்வி குறைவுன்னு 2014ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது உண்மைதான். அது கூட்டத்தோட சராசரி. வித்தியாசமும் ரொம்பப் பெருசில்ல. ராத்திரி தூக்கம் கெட்டாலே அந்த எண் விழுந்துடும். வருஷக்கணக்கா பயந்தே வாழ்ந்ததாலகூட பிரேக் தளர்ந்திருக்கலாமே?

நானும் இதுல வெந்தவதான். பெற்றோர் கூட்டத்துல கை ஆடி மைக் பல்லுல இடிச்சுது. அப்புறம் ஆலோசகர் என்னைப் பேச வெச்சு, வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினாங்க. உள்ளே இடி இடிச்ச அதே நேரம், திரையில ஒருத்தி சாதாரணமா நின்னு பேசிட்டிருக்கா. நெஞ்சு அடிக்கறது எல்லாருக்கும் தெரியுதுன்னு நான் நம்பினதுதான் என் வியாதி.

தறிமேடை:
நம்பிக்கைதான் வியாதின்னா, இதயத் துடிப்பைக் குறைக்கற ப்ரோப்ரனலால் மாத்திரை எப்படி வேலை செய்யுது? காலேஜ் வைவாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். நெஞ்சு அடங்குச்சு, வாய் திறந்துச்சு.

மல்லி டீச்சர்:
அடுத்த வைவாவுக்கு பயம் இல்லாமப் போனீங்களா?

வார்டு நர்ஸ்:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. பயத்துல துடிப்பு படிப்படியா ஏறி, படிப்படியா இறங்கும். சும்மா இருக்கும்போது சுவிட்ச் போட்ட மாதிரி 180க்குப் போய், அதே மாதிரி சட்டுனு நின்னா அது இதயத் தாளக் கோளாறா இருக்கலாம். "டென்ஷன்மா"ன்னு சொல்லியே திருப்பி அனுப்பின ஒரு பொண்ணைப் பார்த்திருக்கேன். படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்த அன்னிக்குத்தான் பிடிபட்டுச்சு. அந்த மாத்திரையையும் கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க. ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சே அடைச்சிடும்.

தறிமேடை:
நன்றி அக்கா. எனக்கு படிப்படியாத்தான் ஏறுது, ஈசிஜியும் நார்மல்.

டீச்சர், அடுத்த தடவையும் பயம் அப்படியேதான் இருந்துச்சு, மறைக்கல. ஆனா நிமிஷத்துக்கு ஆறு மூச்சுன்னு நிதானமா இழுத்து விட்டா துடிப்பு இறங்கறதைக் கண்ணால பாக்கறேன். மூச்சை வெளிய விடும்போதுதான் வேகஸ் பிரேக் இறுகுது. அதை நினைப்புன்னு எப்படிச் சொல்வேன்?

மல்லி டீச்சர்:
மூச்சுப் பயிற்சியை விடாதீங்க. வர்ற மீட்டிங்குக்கு மட்டும் வாட்சைக் கழட்டி பையில போட்டுட்டுப் போங்க. எதிர்ல உட்கார்ந்தவர் என்ன கலர் சட்டைன்னு இங்க வந்து சொல்லுங்க.

தறிமேடை:
கழட்டறேன். ஆனா உடம்புதான்ங்கறதுல நான் மாறல.