மறுமொழி: பேஜ்ரேங்க் – ‘பக்கத்தரம்’ வேண்டாம், ‘சுட்டுமதிப்பு’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை வைத்து அதற்கு மதிப்பிடும் கூகுள் தேடுபொறியின் கணக்குதான் ‘பேஜ்ரேங்க்’ (PageRank). அதைத் தமிழில் ‘பக்கத்தரம்’ என்பதற்குப் பதில் ‘சுட்டுமதிப்பு’ என்பது என் பரிந்துரை. அதற்கு எழுந்த கேள்விகளுக்கு மறுமொழி இது.

> ‘பக்கத்தரம்’ எளிதாக இருக்கிறது. சிலர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். இப்போது மாற்றுவானேன்?

அந்த எளிமைதான் சிக்கல், ஐயா. ‘தரம்’ என்றதும் நல்லது, மட்டமானது என்ற தீர்ப்பு படிப்பவர் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேஜ்ரேங்க் அப்படி எதையும் தீர்ப்பதில்லை. 1998இல் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்போர்டில் முன்வைத்த அந்தக் கணக்கு, பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்பதே இல்லை. யார் யார் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு யார் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்தைப் பின்பற்றிய எண்ணம் அது. தவிர, ‘பேஜ்’ என்பது கண்டறிந்தவரின் பெயரும்கூட. ‘பக்கம்’ என்று எழுதினால் பாவம், அவர் காணாமல் போகிறார்.

எந்தச் சொல் வந்தாலும் அதை இணையக் கலைக்களஞ்சியங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். விக்கிப்பீடியாவில் நான்கு வரிகளே உள்ள குறுங்கட்டுரை தேடலின் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதே பொருளைப் பற்றித் துறை அறிந்த ஒருவர் தம் வலைப்பதிவில் விரிவாக எழுதியது எங்கோ கீழே கிடக்கிறது. இதை விளக்கப் போனால், ‘தரம் குறைந்த இந்தக் கட்டுரைக்குப் பக்கத்தரம் அதிகம்’ என்று எழுத வேண்டியிருக்கும். தன் விளக்கத்தையே இடறிவிடும் கலைச்சொல் நமக்கு எதற்கு?

> அப்படியானால் கலைக்களஞ்சியம் மேலே வருவதற்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகள் மட்டும்தான் காரணமா?

இல்லை. அவை பெரிய காரணம், அவ்வளவே. செய்தித்தளமோ பல்கலைக்கழகமோ ஒரு பெயரை விளக்க வேண்டியிருந்தால் கை தானாகக் கலைக்களஞ்சியத்தின் பக்கம் போகிறது. விக்கிப்பீடியா தொடங்கிய 2001 முதல் இப்படிச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறுங்கட்டுரைக்கு வெளியார் யாரும் இணைப்புக் கொடுத்திருக்க மாட்டார்களே, அது எப்படி மேலே வந்தது? உள்ளே இருக்கும் பின்னலைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையும் தன்னில் வரும் பெயர்களை மற்றக் கட்டுரைகளோடு இணைக்கிறது. புகழ்பெற்ற கட்டுரை வெளியிலிருந்து பெற்ற மதிப்பு, அந்த இணைப்புகளின் வழியே யாரும் எட்டிப்பார்க்காத கட்டுரைக்கும் இறங்குகிறது. எந்தக் கட்டுரையும் அநாதையாக நிற்கக் கூடாது என்று பங்களிப்பாளர்கள் தேடித்தேடி இணைப்பதும் இதற்கு உதவுகிறது. தேடுபொறிக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று, ஒரு பொருளுக்கு ஒரே பக்கம் என்ற விதி. ஒருவருக்கு ஐந்து பெயர்கள் இருந்தாலும், எழுத்துக்கூட்டல் மூன்று விதமாக இருந்தாலும், வழிமாற்றுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. இணைப்புகள் சிதறுவதில்லை. கூகுளே 2008இல் ‘நோல்’ என்ற கட்டுரைத் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்கே ஒரே தலைப்பில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தனித்தனிக் கட்டுரை எழுதலாம். 2012இல் மூடிவிட்டார்கள். அது மூடப்பட்டதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்; ஆனால் தேடுபொறியைக் கையில் வைத்திருந்தவர்களாலேயே விக்கிப்பீடியாவின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பைப் பற்றிச் சுருக்கமாக: மக்கள் பெரும்பாலும் வெறும் பெயர்ச்சொல்லைத் தேடுகிறார்கள். கலைக்களஞ்சியக் கட்டுரையின் தலைப்பும் முகவரியும் அதே பெயர்ச்சொல். ‘விலை என்ன’ என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள், கலைக்களஞ்சியம் கீழே இறங்கி விற்பனைத் தளங்கள் ஏறிவிடும். ஆகவே இறுதியாகத் திரையில் வரும் வரிசை வேறு, இணைப்புகளால் கிடைக்கும் மதிப்பு வேறு. முன்னதற்குத் ‘தேடல் வரிசை’ போதும். பின்னதற்குத்தான் ‘சுட்டுமதிப்பு’ என்கிறேன். பிறர் சுட்டுவதால் கிடைக்கும் மதிப்பு.

> சுட்டு என்றால் அடுப்புதான் நினைவுக்கு வருகிறது.

சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்தபோது யாருக்கும் அடுப்பு நினைவுக்கு வரவில்லையே, அம்மா! அ, இ, உ சுட்டிக்காட்டுவதைத்தான் இந்த இணைப்புகளும் செய்கின்றன.

> நோஃபாலோ = ‘பின்தொடராதே’?

இதை ஏற்க இயலவில்லை. பின்னூட்டங்களில் விளம்பர இணைப்புகளைத் திணிப்பதைத் தடுக்க 2005இல் தேடுபொறி நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த, இணைப்போடு சேர்க்கும் அடையாளம் அது. இணைப்பு வேலை செய்யும், நீங்கள் சொடுக்கினால் போகலாம். மதிப்பு மட்டும் கடக்காது. ஆங்கில விக்கிப்பீடியா 2007இல் தன் வெளி இணைப்புகள் அனைத்துக்கும் இதைப் பூட்டியது. எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு யாருக்கும் கொடுக்காத கருந்துளை என்று அப்போது சிலர் குறைபட்டார்கள். அந்தக் குறையைத் தமிழில் எழுத வேண்டுமானால் ‘மதிப்பு கடத்தா இணைப்பு’ என்றால்தான் பொருள் நிற்கும். 2019இல் கூகுள் இதைக் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் கொள்வதாக அறிவித்துவிட்டதால், ‘தொடராதே’ என்ற ஏவல் முன்னைவிடவும் பொருந்தாது.

கடைசியாக, பேக்லிங்க், அதாவது பிற பக்கங்களிலிருந்து ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பு. ஒருவர் ‘பின்னிணைப்பு’ என்று பரிந்துரைத்திருந்தார். அது நூலின் இறுதியில் வரும் பகுதிக்கு ஏற்கெனவே உரியது. ‘இந்தக் கட்டுரைக்குப் பின்னிணைப்புகள் அதிகம்’ என்றால் அட்டவணைகளைத் தேடுவார்கள். ‘வருசுட்டு’ என்று வைத்தால் சுட்டுமதிப்போடு இணங்கும். வெளியே போவது ‘செல்சுட்டு’. இந்த இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். ‘பக்கத்தரம்’ அகராதிப் பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கடினம்.