உவர்மலை வீட்டுக்கு ஓர் அச்சோவியம்: எதைப் பார்த்து வாங்குவது?

உவர்மலை மகள்:
அனைவருக்கும் வணக்கம். சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர் 1808இல் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுப்பில் நமது திருகோணமலைத் துறைமுகத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதன் தரமான அச்சுப்பிரதியை 12க்கு 18 அங்குலத்தில் சட்டமிட்டு அம்மாவின் முன்ஹோலில் மாட்ட விரும்புகிறேன். முன்பு தேக்குச் சட்டத்துக்கே பெரும் காசு கொடுத்து ஒரு கடையில் செய்வித்த படம், இரண்டாவது மாரியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது வானத்தின் நீலம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. இம்முறை கடையில் எதைக் கேட்க வேண்டும்?

கொட்டியாரக் கரை:
தங்கைக்கு வணக்கம். உங்கள் படத்தைக் கெடுத்தது மரமன்று, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே வெளி விடாததுதான். வாடைக்காற்று தொடங்கினால் நம் ஊரில் சுவரே வியர்க்கும். அந்த ஈரம் சட்டத்துக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் படியும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் ஒட்டாமல் என்ன செய்யும்? ஆகவே கண்ணாடி தாளைத் தொடாதபடி, படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் சன்னல்போல வெட்டிய தடித்த அட்டை, போடச் சொல்லுங்கள். நாற்புறமும் இரண்டரை அங்குலம் விட்டால் சட்டத்தின் உள்ளளவு 17க்கு 23 அங்குலமாகும். சுவரை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அட்டை அமிலமற்றதா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவான அட்டையில் சாய்வாக வெட்டிய விளிம்பு சில ஆண்டுகளில் தேநீர்க் கறைபோலப் பழுத்து, அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும். பின்புற ஹார்ட்போர்ட்டும் அப்படித்தான். அதற்கும் படத்துக்கும் நடுவே அமிலமற்ற அட்டை ஒன்று இருக்க வேண்டும். படத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு தாள் கீல்களால், அதாவது சிறு தாள் பட்டைகளால், தொங்கவிடுவதே முறை. நாற்புறமும் டேப் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாள் நகர இடமின்றி அலையலையாக நெளிந்துவிடும். சட்டம் வேம்பா தேக்கா என்பதை இவற்றுக்குப் பிறகு யோசிக்கலாம்.

உப்புவெளி:
அச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டதைக் கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் விரைவாக மங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால் உங்கள் அளவுக்கு மூலப் படக்கோப்பு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். அதைவிடச் சிறிய கோப்பைப் பெருப்பித்தால் கப்பல்களின் பாய்மரக் கயிறுகள் முதலில் கலங்கிவிடும். கையில் ஓர் உருப்பெருக்கியைக் கொண்டுபோங்கள்: வண்ணப் புள்ளிகள் பூவிதழ்போல ஒழுங்கான வட்டங்களாகத் தெரிந்தால் அது ஓப்செட் இயந்திரத்தில் பெருந்தொகையாக அச்சடித்த சாதாரண போஸ்டர், அதற்கு ஓவிய அச்சின் விலை கொடுக்காதீர்கள்.

உவர்மலை மகள்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்ஹோலில் துறைமுகப் பக்கச் சுவர்தான் வெறுமையாக இருக்கிறது, ஆனால் மாரியில் அது நனையும். அங்கே மாட்டலாமா?

கொட்டியாரக் கரை:
வேண்டாம், தங்கை. மழை அடிக்கும் வெளிச்சுவரையும் நேர்வெயில் விழும் சுவரையும் தவிர்த்து, உட்சுவர் ஒன்றில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகள் ஒட்டினால் பின்னால் காற்றோடும். ஆணியும் கம்பியும் கறள் பிடிக்காத உருக்காக இருக்கட்டும். கண்ணாடியைத் துடைக்கும்போது துப்புரவுத் திரவத்தைத் துணியில் மட்டும் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் அது வழிந்து மவுண்ட் அட்டைக்குள் இறங்கிவிடும்.