புதுப்பிப்பு: தங்கையின் திருமணச் சாப்பாட்டுப் பட்டியல் முடிவாகிவிட்டது

மயிலாப்பூர் மண்டபத்தில் நடைபெறவிருக்கும் தங்கையின் திருமணத்தில் வரவேற்புக்கு இலைச் சாப்பாடா, பஃபேவா என்றும், முகூர்த்த நாளன்று எத்தனை இலைக்குச் சொல்வது என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன்.

முகூர்த்தம் புதன்கிழமை காலை 6 முதல் 7.30 வரை என்பதால், அலுவலகம் செல்வோர் பெரும்பாலும் சிற்றுண்டியோடு கிளம்பிவிடுவார்கள் என்று உங்களில் பலர் சொன்னதையே சமையல் ஒப்பந்தக்காரரும் சொன்னார். ஆகவே காலைக்கு 350 இலை, மதியத்துக்கு 200 மட்டுமே. காசி அல்வாவையும் காலைக்கே மாற்றிவிட்டோம். வெண்பூசணித் துருவலைப் பிழிந்தெடுத்து, அந்தச் சாற்றிலேயே வேகவைத்த பிறகுதான் சர்க்கரை சேர்ப்பேன் என்று விளக்கிய அவர், கலர்ப்பொடி கூடாது, குங்குமப்பூ போதும் என்ற அம்மாவின் நிபந்தனைக்குச் சற்றே முகம் சுளித்தாலும் சம்மதித்தார்.

மதியச் சாப்பாட்டில் பெரிய மாற்றமில்லை. பருப்பு உசிலிக்குப் பீன்ஸா, கொத்தவரங்காயா என்பதை மட்டும் கோயம்பேட்டின் அன்றைய விலையைப் பார்த்து முடிவுசெய்வார்.

வரவேற்புக்கும் இலைதான். தட்டை ஏந்தி நிற்கப் பெரியவர்களால் இயலாது. ஒரு பந்திக்கு 120 பேரே அமரலாம் என்பதால், காத்திருப்போருக்காக வெளியே குழிப்பணியாரமும் இளநீர்ப் பாயசமும் வைக்கிறோம். பானிபூரி வேண்டுமென்ற தம்பியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தண்ணீர் பாட்டிலும் பரிமாறுவோர் கூலியும் இலை விலையிலேயே அடக்கம் என்பதை, முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.