பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்த ஆங்கிலப் பிழையைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது

வந்திறங்கிய முதல் மாதத்தில் பலரும் கேட்பது இதுதான்: "ஆங்கிலம் ஓரளவு தெரியும். ஆனாலும் பேசினால் எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. எந்த இலக்கணப் புத்தகம் வாங்கலாம்?" புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிழைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வகை, காதில் கொஞ்சம் உறுத்தும், ஆனால் சொல்ல வந்தது புரிந்துவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'அ' (a), 'த' (the) இரண்டையும் விழுங்கிவிடுவது, 'ஹீ கோஸ்' என்பதற்குப் பதில் 'ஹீ கோ' என்பது எல்லாம் இதில் சேரும். இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு வகையில், வாக்கியம் சரியானதுபோலவே ஒலிக்கும், ஆனால் கேட்டவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு போய்விடுவார். உறுத்தவில்லை என்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். இங்கே நான் எழுதப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

முதல் இடம் காலத்துக்கு. "இரண்டு வாரமாக இங்கே இருக்கிறேன்" என்பது நமக்கு நிகழ்காலம். அந்தப் பழக்கத்தில் "ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்" என்கிறோம். கேட்பவருக்கு அதன் பொருள், மொத்தமே இரண்டு வாரம்தான் தங்குவேன் என்பது. வந்து இரண்டு வாரம் ஆகிறது என்றால் "ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஏஜென்ட்டிடம் "வீ ஆர் ஹியர் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்" என்று சொல்லிப் பாருங்கள். ஆறு மாதத்தில் காலிசெய்துவிடும் குடும்பம் என்று அவர் முடிவுகட்டிவிடுவார். அவர் ஏன் திரும்ப அழைக்கவில்லை என்று நீங்கள் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வியிலும் இதே சிக்கல் உண்டு. விமான நிலையத்தில் அதிகாரி "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்றால் எவ்வளவு நாள் தங்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "ஹவ் லாங் ஹாவ் யூ பீன் ஹியர்?" என்றால் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்கிறார். "ஹவ் லாங்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அடுத்து வருவது 'ஆர்' என்பதா, 'ஹாவ்' என்பதா என்று கேளுங்கள்.

இது உடம்போடு தொடர்புள்ள விஷயமாகும்போது இன்னும் கவனம் வேண்டும். பல ஜிபி சர்ஜரிகளில், அதாவது குடும்ப மருத்துவரின் மருத்துவமனைகளில், காலை 8 மணிக்குத்தான் தொலைபேசியை எடுக்கத் தொடங்குவார்கள். வரிசையில் காத்திருந்து உங்கள் முறை வரும்போது, ரிசப்ஷனில் இருப்பவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "ஹவ் லாங் ஹாவ் யூ ஹாட் த பெயின்?" நீங்கள் "ஐ ஹாட் பெயின் த்ரீ டேஸ்" என்றால், வலி மூன்று நாள் இருந்தது, இப்போது இல்லை என்று அவர் எழுதிக்கொள்ளக்கூடும். "ஐ ஹாவ் ஹாட் இட் ஃபார் த்ரீ டேஸ்" என்றால்தான் இன்னும் வலிக்கிறது என்று பொருள். 'ஃபார்' போடுவதா 'சின்ஸ்' போடுவதா என்ற குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. "மூன்று நாளாக" என்று 'ஆக' வரும் இடத்தில் 'ஃபார்'. "திங்கட்கிழமையிலிருந்து" என்று 'இலிருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று நம்மவர்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். அது புரிந்துவிடும், முதல் வகைப் பிழைதான். 'ஹாவ்' விடுபடுவதுதான் தொல்லை.

அடுத்து "ஹாவ் யூ டேக்கன் எனிதிங் ஃபார் இட்?" என்று கேட்பார்கள். "மாத்திரை எடுத்திருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஹாவ் டேக்கன் பாராசிட்டமால்." நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹாவ்' போய்விட வேண்டும்: "ஐ டுக் டூ அட் சிக்ஸ்." நம் மொழியில் "நேற்று வந்திருக்கிறார்" என்பது இயல்பு. ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்த வாக்கியத்தில் 'ஹாஸ் கம்' நிற்காது. அழைப்பது உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில் மருத்துவ உதவி கேட்கும் 111 எண்ணாக இருந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். இரண்டு மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி, கேட்கும் விதம். ஊரில் யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசாத மனிதர்கூட இங்கே முரடர் என்று பெயர் வாங்கிவிடுகிறார். காரணம், நம் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. "கொடுங்கள்" என்பதில் அந்த 'உங்கள்' போதும். "கிவ் மீ" என்று மாற்றும்போது வால் அறுந்து கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. முன்னால் 'ப்ளீஸ்' ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான், கொஞ்சம் பொறுமையான கட்டளை, அவ்வளவே. இங்கே மரியாதையைச் சுமப்பது கேள்வி வடிவம். டீக்கடையில் "குட் ஐ ஹாவ் அ டீ, ப்ளீஸ்?" மேலாளரிடம் "வுட் இட் பி ஓகே இஃப் ஐ லெஃப்ட் ஏர்லி ஆன் ஃபிரைடே?" இந்தக் கடைசி வாக்கியத்தில் வெள்ளிக்கிழமை இனிமேல்தான் வரப்போகிறது, ஆனால் வினை இறந்தகாலத்தில் இருக்கிறது. "ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ" என்பதிலும் அப்படியே. இது விநோதமாகத் தோன்றினால் நம் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் "ஒரு உதவி கேட்கலாம் என்று வந்தேன்" என்றுதானே ஆரம்பிக்கிறார்? "கேட்கிறேன்" என்று முகத்துக்கு நேரே வைப்பதில்லை. காலத்தைப் பின்னால் தள்ளினால் பேச்சு மென்மையாகும் என்பது நமக்கும் தெரிந்த வித்தைதான்.

கேள்விக்குள் கேள்வி வரும்போது சொல் வரிசை திரும்ப நேராகிவிடும். "வேர் இஸ் த ஸ்டேஷன்?" என்பது தனிக் கேள்வி. முன்னால் "குட் யூ டெல் மீ" வந்தால் "வேர் த ஸ்டேஷன் இஸ்." தமிழில் "ஸ்டேஷன் எங்கே இருக்கிறது" என்பது எந்த இடத்திலும் வரிசை மாறாமல் வருவதால் இது நமக்கு உறைப்பதில்லை. மாற்றிச் சொன்னாலும் வழி காட்டிவிடுவார்கள், நேரமிருந்தால் பழகுங்கள்.

ஆனால் 'யெஸ்', 'நோ' இரண்டையும் இன்றே சரிசெய்துகொள்ளுங்கள். வங்கியில் கணக்குத் தொடங்கப் போகிறீர்கள். ஊழியர் "சோ யூ டோன்ட் ஹாவ் புரூஃப் ஆஃப் அட்ரஸ்?" என்கிறார். "ஆமாம், இல்லை" என்று மனத்தில் நினைத்து "யெஸ்" என்கிறீர்கள். அவர் காகிதத்துக்காகக் கையை நீட்டுகிறார். நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள், அவர் உங்களைப் பார்க்கிறார். நாம் கேட்டவரின் கூற்றுக்கு ஆமாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் உண்மை நிலவரத்துக்கு ஆமாம் போட வேண்டும். கேள்வி எப்படி வந்தாலும் பொருள் கையில் இருந்தால் 'யெஸ்', இல்லாவிட்டால் 'நோ'. ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல் "நோ, ஐ டோன்ட்" என்று முடித்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இதில் இன்னொரு கண்ணி, "டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்ற கேள்வி. ரயிலில் பக்கத்து இருக்கையைக் காட்டி ஒருவர் கேட்கிறார். நல்ல மனத்தோடு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினால், "ஆமாம், எனக்கு ஆட்சேபம் உண்டு" என்று பொருளாகிவிடும். "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்லி இடம் விடுங்கள். நம் தலையாட்டலைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், பக்கவாட்டு அசைவு சம்மதமா மறுப்பா என்று இங்கே பலருக்கும் விளங்குவதில்லை.

இன்னும் சில, சுருக்கமாக. "ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்" என்று ஒரு பெண் சொன்னால் இரட்டைக் குழந்தை எதிர்பார்க்கிறார் என்று வாழ்த்துவார்கள். உடைமைக்கும் உறவுக்கும் "ஐ ஹாவ்" மட்டும் போதும். "ஐ ஆம் இன் ஹாஸ்பிடல்" என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினால் நீங்கள் நோயாளியாகப் படுத்திருக்கிறீர்கள் என்று பதறுவார்கள். மாமியாரைப் பார்க்கப் போயிருந்தால் "அட் த ஹாஸ்பிடல்." மேலாளர் "யூ மைட் வான்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்" என்று மெல்லச் சொன்னால் அது ஆலோசனை என்று நம்பிக் கிடப்பில் போடாதீர்கள். திருத்தித் தா என்று பொருள். "யூ மஸ்ட் கம் ரவுண்ட் ஃபார் டின்னர்" என்பதில் 'மஸ்ட்' இருந்தாலும், தேதி சொல்லாதவரை அது அழைப்பில்லை.

லண்டனில் தமிழர் நிறைந்த ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியேறினால் காய்கறி, நகை, கோயில் எல்லாம் தமிழிலேயே முடிந்துவிடும், பேசிப் பழக வாய்ப்பைத் தேடித்தான் போக வேண்டும். பல நூலகங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் குழுக்கள் உண்டு. உள்ளூர்க் கல்லூரிகளில் பிற மொழிக்காரர்களுக்கான ஈசால் வகுப்புகள் நடக்கின்றன. முதலில் உங்கள் நிலையைச் சோதித்துவிட்டு என்ட்ரி 1, 2, 3, லெவல் 1, 2 என்ற வரிசையில் பொருத்தமான வகுப்பில் சேர்ப்பார்கள். பேச்சும் எழுத்தும் வேறு வேறு நிலையில் இருந்தால் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு எழுத்து மேலே, பேச்சு கீழே. கட்டணம் உங்கள் விசாவையும் வருமானத்தையும் பொறுத்து மாறும், அதனால் சேர்வதற்கு முன்பே கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.