நூல் அறுக்கும் சோதனை: வெடுக்கென்று இழுத்தாலும் மேல் நூல் அறுகிறதே?

கரும்பலகை:
பத்தாம் வகுப்பில் நிலைமம் (தன் நிலை மாறுவதைப் பொருள் எதிர்க்கும் தன்மை) நடத்துவதற்கான சோதனை இது. தொங்கும் எடைக்கு மேலும் கீழும் ஒரே வகை நூல். மெதுவாக இழுத்தால் மேல் நூலும், வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூலும் அறுபட வேண்டும். எடை 200 கிராம் பூட்டு, நூல் தூண்டில் நரம்பு, இரண்டு பக்கமும் அரை மீட்டர். எப்படி இழுத்தாலும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே, பாதி நேரம் முடிச்சிலேயே அறுகிறது. "நிலைம விசை பத்தலையா சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

திருகாணி:
பூட்டு இலேசு, நரம்பு இழுபடும். இரண்டையும் மாற்றுங்கள்.

துணி தைக்கும் பருத்தி நூல் போதும். முதலில் அது எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்: 2 லிட்டர் பாட்டிலை அதில் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டரில் அறுந்தால் தாங்கும் அளவு ஏறத்தாழ 15 நியூட்டன். 1 லிட்டருக்கு முன்பே அறுந்தால் இரட்டை நூலாக்குங்கள். தொங்கும் எடை அந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இங்கே 1 கிலோ.

மெதுவாக இழுக்கும்போது மேல் நூல் ஏற்கெனவே 10 நியூட்டனைச் சுமக்கிறது. கை 5 கொடுத்தால் மேலே 15, கீழே வெறும் 5. மேல் நூல் போய்விடும். உங்கள் பூட்டில் மேல் நூலுக்குக் கூடுதல் சுமை 2 நியூட்டன்தான். ஒரே கண்டில் வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்; அப்புறம் எது அறுகும் என்பது பூவா தலையாதான்.

வெடுக்கென்று இழுத்தால் கீழ் நூல் 0.01 நொடியில் 15 நியூட்டனை எட்டி அறுவதாக வையுங்கள். அந்த நேரம் முழுவதும் 15 நியூட்டனே இருந்தாலும் 1 கிலோவுக்கு முடுக்கம் 15 மீ/வி². நகரும் தூரம் ½ × 15 × 0.01², அதாவது 0.75 மில்லிமீட்டர். மேல் நூலின் இழுவிசை 10லிருந்து 15க்கு ஏற வேண்டுமானால் அது இன்னும் சில மில்லிமீட்டர் நீள வேண்டும். அதற்குள் கீழ் நூல் அறுந்துவிட்டது. நைலான் நரம்போ நீண்டுகொண்டே போகும், அந்த 0.01 நொடி பல மடங்காகி, வெடுக்கென்று இழுத்ததே மெதுவாக இழுத்ததாகிவிடும்.

சணல்கயிறு:
மேலே சொன்னதோடு சில கைப்பக்குவம். மேல் நூல் 40 செ.மீ., கீழ் நூல் 15 செ.மீ. வையுங்கள். நீளமான மேல் நூல் அறுவதற்கு அதிகம் நீள வேண்டும். குட்டையான கீழ் நூல் சீக்கிரம் விறைக்கும். இழுக்கும் முன் கீழ் நூலை 2, 3 செ.மீ. தளர விடுங்கள், நூல் விறைப்பதற்குள் கை வேகம் எடுத்துவிடும். முடிச்சில் அறுவதைத் தவிர்க்க, நூலை வழவழப்பான தடித்த கம்பியில் ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு முடிச்சுப் போடுங்கள். எடைக்கல்லைச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு கம்பி வளையம் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டாண்டு ஆடக் கூடாது. அடியில் மணல் தட்டு கட்டாயம், 1 கிலோ கால் விரலில் விழுந்தால் பாடம் அத்தோடு முடிந்தது.

அரைவட்டம்:
"நிலைம விசை" என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கல்லின் மேல் இருக்கும் விசைகள் மூன்றுதான்: புவியீர்ப்பு, மேல் நூலின் இழுவிசை, கீழ் நூலின் இழுவிசை. நிலைமம் இந்தப் பட்டியலில் வராது. அந்த விசைகளுக்கு எவ்வளவு முடுக்கம் கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் நிறைதான் அது. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது, 1687இல் நியூட்டனே இலத்தீனில் இதை 'விசை' என்று பொருள்படும் சொல்லால்தான் குறித்தார்.

கரும்பலகை:
நன்றி. அறுபடாத நூலை அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாமா?

சணல்கயிறு:
வேண்டாம். ஒரு தடவை பலமாக இழுபட்ட நூலில் சில இழைகள் அறுந்திருக்கும். மேலும் கீழும் ஒவ்வொரு முறையும் புது நூல் கட்டுங்கள்.