முயலுக்குத் தடுப்பூசி மதுரையில் எங்கே போடுகிறார்கள்?

திருநகர் அம்மா:
வீட்டில் மகளுக்காக வாங்கிய இரண்டு வெள்ளை முயல்குட்டிகள் இருக்கின்றன, இரண்டு மாதம் ஆகிறது. லண்டனில் இருக்கும் என் தம்பி போனில் கேட்ட முதல் கேள்வியே ஊசி போட்டாச்சா என்பதுதான். வாங்கின கடையில் விசாரித்தால், நாய்க்குட்டிக்குப் போடுகிற ஊசியையே பாதி அளவு போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முயலுக்கென்று ஊசி இங்கே உண்டா?

வாடிப்பட்டி முயல் பண்ணை:
அக்கா, தயவுசெய்து அதைப் போட விடாதீர்கள். டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் நாய்க்கு வருகிற நோய், முயலுக்கு அந்த ஊசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முயலுக்கான ஊசி நம்மூர் மருந்துக் கடையிலும் கிடைக்காது, மாட்டாஸ்பத்திரியிலும் கிடைக்காது. இங்கே குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது காக்சிடியோசிஸ் என்கிற கழிச்சல்தான், ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை ரொம்பக் கவனம். புழுக்கை உருண்டையாக இல்லாமல் கூழாகி, பின்பக்க முடியில் ஒட்டி, வயிறு உப்பி, குட்டி தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது என்றால் அன்றைக்கே புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கிருமியின் முட்டை ஈரத்தில்தான் வீரியம் பெறும், ஃபினாயிலுக்குச் சாகாது, சூட்டுக்குத்தான் சாகும். பண்ணையில் கூண்டுக் கம்பியை கேஸ் பர்னரால் வாட்டுவோம். வீட்டில் தினமும் புழுக்கையைக் கூட்டிவிட்டு, கூண்டில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு குட்டிகளை நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், நம்மூர்ச் சித்திரை வெயிலை முயல் தாங்காது.

மேலூர்க்காரன், இப்போது லெஸ்டரில்:
உங்கள் தம்பி சொல்வது இந்த ஊருக்குச் சரி. இங்கே மிக்ஸோமடோசிஸ் என்கிற வைரஸ் நோய் கொசுவும் தெள்ளுப்பூச்சியும் கடித்துப் பரவுகிறது, இமை வீங்கிக் கண்ணே மூடிவிடும். இன்னொன்று ஆர்.எச்.டி. என்கிற முயல் ரத்தக்கசிவு நோய், 1984-இல் சீனாவில் முதலில் தெரியவந்தது, அதன் இரண்டாவது வகை 2010-இல் பிரான்சில். அது வந்தால் ராத்திரி நன்றாகத் தின்ற முயல் காலையில் செத்துக் கிடக்கும். செருப்பில், புல்லில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால் வெளியே விடாத முயலுக்கும் போடுகிறார்கள். ஐந்து வாரக் குட்டியிலிருந்தே போடலாம், இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி, வருடத்துக்கு ஒரு தடவை. ஆனால் அந்த ஊசி மருந்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்படி தம்பியிடம் சொல்லாதீர்கள், 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து அது.

திருநகர் அம்மா:
ரொம்ப நன்றி தம்பிகளா. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒன்று, ஒரு குட்டிக்குக் காது ஓரத்திலும் மூக்கிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது, சொறிந்துகொண்டே இருக்கிறது. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்து இருக்கிறது, கழுத்தில் சொட்டாக விடுவது, அதைத் தடவலாமா?

கால்நடை மருத்துவ மாணவி:
தடவவே கூடாது அக்கா! அந்தச் சொட்டு மருந்து பலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும், முயலுக்கு அது விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சொறிப்பூச்சி மாதிரி தெரிகிறது. டாக்டர் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசியைத் தோலுக்கு அடியில் போடுவார், பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடியும் போடவேண்டும், முதல் ஊசிக்குப் பூச்சியின் முட்டை சாகாது. வீட்டில் இருக்கிற அமாக்ஸிசிலின் மருந்தையும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், முயலின் குடலையே கெடுத்துவிடும். இரண்டையும் தனித்தனிக் கூண்டில் வைத்து, இரண்டையுமே நாளைக்கு டாக்டரிடம் காட்டுங்கள். தொட்டால் நமக்கும் அரிப்பு வரலாம், பாப்பாவைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.