இலக்கிய ஏஜென்சி வளர: எழுத்தாளர்களைக் கூட்டுவதா, உரிமைகளைக் கூட்டுவதா?

பனையோலை:

வணக்கம். தமிழ் எழுத்தாளர்களின் மொழிபெயர்ப்பு உரிமைகளை விற்றுத்தரும் சிறு ஏஜென்சி இது. இரண்டு பேர்தான் வேலை பார்க்கிறோம். 11 எழுத்தாளர்கள், ஏறக்குறைய 60 புத்தகங்கள். 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து விசாரிப்பு கூடியிருக்கிறது. மலையாளம், கன்னடம், ஆங்கிலம் என்று ஒப்பந்தங்களும் வருகின்றன. கமிஷன் இந்தியாவுக்குள் 15%, வெளிநாடு என்றால் 20%. ஆனாலும் மூன்றாவது ஆளைச் சம்பளத்துக்கு வைக்கும் அளவுக்குப் பணம் நிற்கவில்லை. இதற்கிடையே இன்னும் முப்பது பேர் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். எல்லாரையும் சேர்த்தால் வருமானம் ஏறுமா? இல்லை, இருப்பவர்களை வைத்தே வளர வழி இருக்கிறதா? வாழ்த்து வேண்டாம், கணக்கு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

கணக்கு இதோ. ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் 2,00,000 ரூபாய்க்குச் சமமான முன்பணம் தருகிறது என்று வைப்போம். 20% என்றால் 40,000. அந்த ஊரில் உங்களுக்காக விற்றுத்தரும் சப்-ஏஜென்ட் வழியாக விற்றிருந்தால் அதில் பாதி அவருக்குப் போகும், மிச்சம் 20,000. முன்பணம் ஒரே தவணையில் வராது. கையெழுத்தானதும் பாதி, புத்தகம் வெளியானதும் பாதி. மொழிபெயர்த்து அச்சாகி வர ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும். ஆக, இந்த வருஷம் உங்கள் கைக்கு வருவது 10,000 மட்டும்.

மாதம் 30,000 சம்பளத்தில் ஒருவரை வைத்தால் வருஷத்துக்கு 3,60,000. முதல் தவணையை மட்டும் நம்பினால் இப்படி 36 ஒப்பந்தம் போட்டாக வேண்டும். நல்ல எழுத்தாளர்களை வைத்திருந்தும் சில ஏஜென்சிகள் மூன்றாம் வருஷத்தில் மூச்சு வாங்குவது இதனால்தான். விற்பனை நடக்கிறது, பணம் பின்னால் வருகிறது.

இனி இந்திய மொழிகள். மலையாளத்தில் 10,000 முன்பணம் என்றால் உங்கள் பங்கு 1,500. ஒப்பந்தத்தைப் படித்துத் திருத்துவது, கையெழுத்து வாங்குவது, பணத்துக்கு நாலு தடவை ஃபோன் போடுவது எல்லாம் பெரிய ஒப்பந்தத்துக்கு உள்ள அதே வேலைதான். முப்பது பேரைச் சேர்த்தால் உடனே பெருகப்போவது இந்த வேலை. இந்திய மொழிகளுக்கு நாலு பக்கத்தில் ஒரே மாதிரி ஒப்பந்தம் ஒன்றை நீங்களே எழுதிவைத்து அனுப்புங்கள். அவர்கள் அனுப்புவதைத் திருத்த உட்கார்ந்தால் 1,500 ரூபாய்க்கு ஒரு வாரம் போய்விடும்.

கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன்: எழுத்தாளர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. கமிஷனைக் கழித்து மீதியைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். அலுவலக வாடகைக்கு அந்தக் கணக்கில் ஒரு மாதம் கைவைத்தால் அடுத்த மாதமும் வைக்க வேண்டிவரும்.

நூலேணி:

மேலே போட்ட கணக்கு சரி. ஆனால் அது ஒரு புத்தகம் ஒரே தடவை விற்பதற்கான கணக்கு. ஏஜென்சி பிழைப்பது அதே புத்தகம் மறுபடி மறுபடி விற்பதில்தான்.

பார்சிலோனாவின் இலக்கிய ஏஜென்ட் கார்மென் பால்செல்ஸை இதற்காகவே படிக்கலாம். 1950களின் பிற்பாதியில் ஏஜென்சி தொடங்கியபோது அவர் விற்றது வெளிநாட்டுப் பதிப்பகங்களின் உரிமைகளை ஸ்பெயினுக்கு. எழுத்தாளர் பக்கம் வந்தது பிறகு. அப்போது ஸ்பானிய மொழி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆயுளுக்கும் எழுதிக்கொடுப்பதாக இருந்தன. அவர் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்: இத்தனை வருஷம், இன்ன பிரதேசம். கெடு முடிந்தால் உரிமை திரும்பி வரும், மறுபடி விலை பேசலாம். ஸ்பெயினுக்கு ஒருவர், அர்ஜென்டினாவுக்கு இன்னொருவர் என்று பிரித்தும் விற்கலாம். ஏஜென்சி வளர்ந்ததற்கு ஆளெண்ணிக்கையைவிட இந்த இரண்டு வரிகளே பெரிய காரணம் என்பது என் கருத்து.

அவருடைய தொடக்கமும் சின்னதுதான். 1965இல் அமெரிக்காவில் ஹார்ப்பர் அண்ட் ரோ பதிப்பகத்துக்கு, கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் நான்கு புத்தகங்களைச் சேர்த்து 1,000 டாலருக்கு விற்றார். எழுத்தாளரே அதை மட்டமான ஒப்பந்தம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஐந்து வருஷம் கழித்து, லண்டனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பெரு நாட்டு நாவலாசிரியர் வர்காஸ் யோசாவிடம் வேலையை விட்டுவிடச் சொல்லி, மாதம் 500 டாலர் தருவதாக ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். (நீங்கள் இதை இப்போது செய்யாதீர்கள். பழைய புத்தகங்களிலிருந்து பணம் ஓடிவரும் ஏஜென்சிக்குத்தான் இது தாங்கும்.)

உங்களுக்கு வருவோம். 60 புத்தகங்களை எக்செல்லில் இறக்குங்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஒலிநூல், திரை என்று எட்டு கட்டம் போட்டால் 480 கட்டம். ஒவ்வொன்றிலும் விற்றதா, யாருக்கு, எந்தத் தேதி வரை என்று நிரப்பிப் பாருங்கள். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். புது எழுத்தாளரைப் பிடிப்பதைவிட அந்தக் காலிக் கட்டங்களை நிரப்புவது செலவு குறைவு. ஆங்கிலப் பிரதி ஒன்று தயாராகிவிட்டால் பிரெஞ்சு, ஜெர்மன் எடிட்டர்கள் அதைத்தான் வாசிப்பார்கள். முப்பது பேரில் நாலைந்து பேருக்கு மேல் இந்த வருஷம் வேண்டாம்.

உரிமத்தை 5 முதல் 7 வருஷத்துக்குக் கொடுங்கள். 24 மாதத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை திரும்பும், முன்பணம் திரும்பாது என்று எழுதுங்கள். கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே கடிதம் போகவேண்டும். அதைத் தவறவிட்டால் பதிப்பகம் பழைய கணக்கிலேயே அச்சடித்துக்கொண்டிருக்கும்.

மெய்ப்புநோக்கி:

எக்செல்லை நிரப்பும் முன்னால் அந்த உரிமைகள் எழுத்தாளர் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழில் பெரிய சிக்கலே இங்கேதான். பல புத்தகங்களுக்கு ஒப்பந்தமே கிடையாது; இருந்தாலும் "சகல உரிமைகளும்" என்று ஒற்றை வரி இருக்கும்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கவேண்டும், கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலம் என்று சொல்லாவிட்டால் ஐந்து வருஷம். எந்தப் பிரதேசம் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை, அது காலாவதி. ஆனால் இந்தச் சலுகைகள் 1994 திருத்தத்தோடு வந்தவை. அது அமலுக்கு வருவதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்குச் செல்லாது. எண்பதுகளில் எழுதிக்கொடுத்த தாள் என்றால் பதிப்பாளரிடமிருந்து ஒரு விடுவிப்புக் கடிதம் வாங்கிவிடுவதே நல்லது. ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் பேசி முடித்தபிறகு பழைய பதிப்பாளர் எழுந்து வந்தால் அந்த எடிட்டர் அடுத்த தடவை உங்களுக்கு நேரம் ஒதுக்கமாட்டார்.

மறைந்த எழுத்தாளர் என்றால் உரிமை அவர் இறந்த ஆண்டுக்குப்பின் 60 வருஷம். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒருவருக்குப் பொது அதிகாரம் கொடுக்கட்டும். மூத்த மகன் ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து போதாது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்து உங்கள் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதை யாரும் அனுமதி கேட்காமல் மொழிபெயர்க்கலாம், கமிஷனுக்கு இடமே இல்லை.

பனையோலை:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பதிப்பகங்களுக்குக் காட்ட ஒரு பகுதியை மட்டும் ஆங்கிலமாக்கும் மாதிரி மொழிபெயர்ப்புக்கு யார் பணம் போடுவது? புதிதாகக் கேட்டுவரும் எழுத்தாளர்களிடம் வாசிப்புக் கட்டணம் வாங்கி அதை ஈடுகட்டலாமா?

நூலேணி:

வாசிப்புக் கட்டணம் கூடவே கூடாது. பிரிட்டிஷ் ஏஜென்ட்டுகளின் சங்க நெறிமுறையிலேயே அதற்குத் தடை இருக்கிறது. விற்றால் மட்டுமே பணம் என்பதால்தான் எடிட்டர் உங்கள் தேர்வை நம்புகிறார்.

மாதிரிக்கு 5,000 சொல் போதும். சொல்லுக்கு 3 ரூபாய் என்று பேசினால் 15,000. ஏஜென்சி போட்டு, விற்ற பிறகு எழுத்தாளர் பங்கில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் அதை முதலிலேயே எழுதிவையுங்கள். வருஷத்துக்கு ஆறு புத்தகத்துக்கு மேல் மாதிரி செய்யாதீர்கள். பலரும் முதல் அத்தியாயத்தையே அனுப்புகிறார்கள். தமிழ் நாவல்களில் முதல் அத்தியாயம் பெரும்பாலும் ஊரையும் உறவுமுறையையும் விவரிப்பதிலேயே போய்விடும். கதை சூடு பிடிக்கும் இடத்திலிருந்து எடுத்து, மேலே ஒரு பக்கம் கதைச்சுருக்கம் வையுங்கள். முடிவையும் அதில் சொல்லுங்கள். சஸ்பென்ஸ் வாசகருக்கு, எடிட்டருக்கு அல்ல.

மாதிரியைச் செய்தவருக்கு அதன்மேல் பதிப்புரிமை உண்டு. பதிப்பகம் வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தால் என்ன, மாதிரி செய்தவரின் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனால் அவருக்கு என்ன பங்கு என்பதை அரைப் பக்கக் கடிதத்தில் முடித்துவிடுங்கள். முழுப் பிரதிக்கு அரசின் மொழிபெயர்ப்பு நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். உரிமையை வாங்கும் பதிப்பகத்தையே விண்ணப்பிக்கச் சொன்னால் உங்களுக்குக் காகித வேலை குறையும்.

கணக்குப்பிள்ளை:

வரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியப் பதிப்பகம் முழுத் தொகையையும் உங்கள் கணக்கில் போட்டு உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ் பிடித்தால், எழுத்தாளரின் வருமானம் உங்கள் வருமானம்போலக் காட்டும். பிறகு அதைப் பிரிப்பது தலைவலி. 85% நேராக எழுத்தாளருக்கு, 15% உங்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதிவிட்டால் தீர்ந்தது. அமெரிக்கப் பதிப்பகம் என்றால் அந்நாட்டு வரித்துறையின் டபிள்யூ-8பென் படிவம் எழுத்தாளர் பெயரில், பான் எண்ணோடு போகவேண்டும். போகாவிட்டால் 30% பிடித்துவிடுவார்கள்; போனால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15%. கையெழுத்துப் போட்ட வருஷத்துக்குப்பின் மூன்றாம் வருஷக் கடைசியோடு அந்தப் படிவம் காலாவதியாகும். எக்செல்லில் அந்தத் தேதிக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.